தடை போடுவதும் அந்த வட்டுதான்

துணை விண்மீனிடமிருந்து வாயுவை ஈர்க்கும் நியூட்ரான் விண்மீன் மேலும் மேலும் வேகமாகவே சுழலும் என்ற எண்ணம் பாதிதான் உண்மை. 4யூ 1626-67 என்ற எக்ஸ் கதிர் மூலத்தைப் பாருங்கள். துணையோடு 42 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கும் இது, தன்னைத்தானே சுற்றுவதற்குச் சுமார் 7.7 விநாடி எடுக்கிறது. 1977இல் இந்தச் சுழற்சியைக் கண்டறிந்ததிலிருந்து அதன் வேகம் கூடிவந்தது. 1990 வாக்கில் போக்கு தலைகீழாகி, ஏறத்தாழ அதே வீதத்தில் 2008 வரை குறைந்தது. பிறகு மறுபடி கூடியது. குறைந்த அத்தனை ஆண்டுகளும் எக்ஸ் கதிர் வந்துகொண்டேதான் இருந்தது, அதாவது வாயு விழுவது நிற்கவில்லை. எனவே தடை போட்டதும், விழும் வாயு விண்மீனைச் சுற்றி அமைக்கும் வட்டுதான் என்கிறேன். விண்மீனின் மையத்திலிருந்து சுமார் 6,500 கி.மீ.க்கு அப்பால் வட்டின் வாயு விண்மீனைவிட மெதுவாகச் சுற்றுகிறது. விண்மீனின் காந்தக் கோடுகள் அங்கே சிக்கும்போது சுழற்சி பின்னுக்கு இழுபடுகிறது. வேகமாகச் சுற்றும் வட்டின் உட்பகுதியோ முன்னுக்குத் தள்ளுகிறது. இழுப்பு மிஞ்சினால் வேகம் குறையும்.

தனித்த பல்சார்களைப் போலக் காந்தக் கதிர்வீச்சாலேயே வேகம் குறையலாமே என்று கேட்கலாம். கணக்கு இடம் தரவில்லை: அந்த வழியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும்; அளந்த மாற்றமோ சில ஆயிரம் ஆண்டு அளவிலானது. வட்டே எதிர்த்திசையில் திரும்பியிருக்கலாம் என்ற வாதம் இன்னும் கனமானது. ஆனால் இவ்வளவு நெருங்கிய ஜோடியில் வழிந்துவரும் வாயு சுற்றுப்பாதையின் திசையைச் சுமந்தே வரும். துணையின் காற்றிலிருந்து வாயு பெறும் ஜிஎக்ஸ் 1+4 போன்றவற்றில் அந்த வாய்ப்பை நான் மறுக்கவில்லை. ஏனெனில் அங்கே எக்ஸ் கதிர், அதாவது விழும் வாயு, கூடியபோது வேகக்குறைவும் கூடியதை 1990களின் அளவீடுகள் காட்டின.