என்றும் வாழ்வதற்கும் காவல் வேண்டும்

கலிபோர்ணியாக் கரைக்கப்பால், பசிபிக் மாகடலிலே சாந்தா பார்பரா என்றொரு தீவு உண்டு. அதன் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுரமைலேயாம். சதைப்பற்றுள்ள இலைகளில் நீரைச் சேமித்து, பாறைச் சரிவுகளில் வேரூன்றி, மஞ்சள்நிறப் பூப்பூக்கும் ஒரு சிறு செடிக்கு இத்தீவன்றி உலகில் வேறு தாயகம் இல்லை. 1901ஆம் ஆண்டில் அதனைக் கண்டெடுத்த பிளாஞ்சு திராஸ்க் அம்மையாரின் பெயரே தாவர நூலில் அதற்கு வழங்குகின்றது. அவ்வினச் செடிகளைப் பொதுமக்கள் ‘என்றும் வாழ்வது’ எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர்.

அப்பெயர் பொய்க்கும் காலமும் வந்தது. உழவும் ஆட்டுமந்தையும் தீவின் இயல்பை முன்னரே குலைத்திருந்தன. 1938இல் அது தேசிய நினைவுச்சின்னமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. எனினும், 1942இல், போர்க்காலத்தில், அங்கே முயல்கள் விடப்பட்டன. அவை பல்கிப் பெருகிப் பசுமை கண்ட இடமெல்லாம் கறித்தன. 1959இல் தீயும் பரவிற்று. 1970 அளவில் அச்செடி அழிந்தொழிந்ததென்றே அறிஞர் கருதினர். ஆயினும் 1975இல், எஞ்சிய சில செடிகள் மீண்டும் காணப்பட்டன. 1978இல் சட்டம் அவற்றுக்குக் காவலாயிற்று. 1981இல் முயல்கள் முற்றாக ஒழிக்கப்பட்டன. அதன்பின் செடிகளின் தொகை பெருகலாயிற்று.

உணவுக்கும் உதவாத ஒரு செடியின் பொருட்டு உயிர்களைக் கொல்வது இரக்கமாகுமோ எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே, முயல் பிழை செய்யவில்லை, பசித்தது, தின்றது. பிழை அதனைக் கொண்டுவந்து விட்ட மனிதனுடையது. ஆனால், முயலினம் உலகில் வேறு பலவிடங்களிலும் வாழும். இச்செடிக்கோ புகலிடம் பிறிதில்லை. கண்முன் துள்ளும் உயிருக்கு மட்டும் இரங்கி, வாய்பேசா ஓரினம் அடியோடு மறைவதைப் பார்த்திருப்பது அரைகுறை இரக்கமேயன்றி அறமன்று.

இன்னுமொன்று. பிரகடனம் முயலைத் தடுக்கவில்லை. சட்டப் பட்டியலிற் சேர்த்தமை மட்டும் முயலை விலக்கவுமில்லை. கேட்டின் காரணத்தைக் களைந்தபோதே செடி தழைத்தது. எதனையேனும் காக்கப் புகுவோர், அதற்குப் பெருமைமிக்க பெயர் சூட்டுமுன், அதனை அரிப்பது யாதெனக் கண்டு அகற்றுவாராக. அதற்குத் துணிவும் பல்லாண்டுப் பொறுமையும் வேண்டும். ‘என்றும் வாழ்வது’ தானாக வாழ்ந்துவிடாது. அதனை வாழவிடுவோர் இருத்தல் வேண்டும்.