இன்டர்வியூவுக்கு பிளேசர் எதற்கு?

ராஜபாளையத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, சென்னைக்கு டிசைனர் வேலை இன்டர்வியூவுக்குப் போகும் பெண்ணுக்கு முதல் கவலை டிரெஸ்தான். அதற்காகக் கடன் வாங்கி பிளேசர் எடுக்க வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சுந்தரபாண்டியத்தில் நெய்யும் கைத்தறிப் பருத்திச் சேலை ஒன்று போதும். 5.5 மீட்டரில் இரண்டு குர்த்தி தைக்கலாம்.

தைக்கும் முன் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்துங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். மிச்சப் பணத்தை நல்ல டெய்லருக்குக் கொடுங்கள். தோள்பட்டை கச்சிதமாக நின்றால், விலை யார் கண்ணுக்கும் தெரியாது. ரயிலில் அதையே போட்டுக்கொண்டு போகாமல், சென்னையில் இஸ்திரி போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

சேலைக் கரை கழுத்திலா, கையிலா என்பதை நீங்களே வரைந்து கொடுங்கள். "இதை எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டால், போர்ட்ஃபோலியோவைத் திறக்கும் முன்பே உங்கள் டிசைனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடலாம்!