பாதரசத்தை எந்த பாக்டீரியாவும் தின்னாது!

இந்த வாரம் நேரா ஒரு கேள்வி. எண்ணெய் கொட்டின மண்ணை பாக்டீரியா தின்னே சுத்தம் பண்ணிடும்னு படிச்சிருப்பீங்க. அப்போ பாதரசம் கொட்டின மண்ணை?

'அதையும் பண்ணிடும்'னு தலையாட்டினவங்க, வாங்க... கோடைக்கானலுக்கு ஒரு ட்ரிப். போட்டிங்குக்கு இல்லை பாஸ், மூடிக்கிடக்கிற ஒரு தெர்மாமீட்டர் ஃபேக்டரிக்கு!

அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஊரில் இருந்த ஃபேக்டரி 1980களில் கோடைக்கு இடம் மாறி வந்தது. பிறகு ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டின உடைஞ்ச கண்ணாடி டன் கணக்கில் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடக்கிறதை மக்கள் கண்டுபிடிச்சாங்க. ஃபேக்டரிக்குப் பூட்டு! 2003ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போச்சு. உடம்பு கெட்டுப்போச்சுன்னு தொழிலாளர்கள் போராடினாங்க, நிறுவனம் மறுத்தது. 2016ல்தான் 591 பேரோட சமரசம் ஆச்சு. சரி, ஃபேக்டரி மண்ணில் இறங்கின பாதரசம்?

இங்கேதான் நம்ம பாக்டீரியா என்ட்ரி. எண்ணெய்ங்கிறது கார்பன். பாக்டீரியாவுக்கு அது சாப்பாடு. தின்னு கார்பன் டை ஆக்சைடாவும் தண்ணியாவும் மாத்திடும். வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி அப்படி ஒரு பாக்டீரியாவை லேப்பில் உருவாக்கி, 1980ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் பேடன்ட் உரிமை ஜெயிச்சார். ஆனா பாதரசம் ஒரு தனிமம். அதை உடைக்க உள்ளே ஒண்ணுமே இல்லை. வடிவத்தை மாத்தலாம், ஒழிக்க முடியாது.

பாக்டீரியா பண்றது ரெண்டு வேலை. சில பாக்டீரியாக்கிட்ட 'மெர்' ஜீன் இருக்கு. அது தர்ற என்சைம், உப்பா இருக்கிற பாதரசத்தை ஆவியாகிற பாதரசமா மாத்தி வெளியே தள்ளிடும். தன் வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டுற கதைதான்! அந்த ஆவி காத்தில் மாசக்கணக்கில் சுத்திட்டு, எங்கேயோ மழையோட திரும்ப இறங்கும். ரெண்டாவது வேலை இன்னும் மோசம். காத்துப் புகாத சேத்தில் இருக்கிற சில பாக்டீரியா, அதை மெத்தில் பாதரசமா மாத்தும். இதைச் செய்யிற ரெண்டு ஜீனையே 2013ல்தான் கண்டுபிடிச்சாங்க. 1956ல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளியே தெரிய வந்த நரம்பு நோய்க்குக் காரணம் இந்த மெத்தில் பாதரசம்தான்.

இதில் குளிர் வேற! 10 டிகிரி குறைஞ்சா உயிர் வேதிவினை ஏறக்குறைய பாதி வேகமாகும்கிறது பொதுக்கணக்கு. 30 டிகிரியில், நம்ம புன்னக்காயல் சேத்தில் ஒரு வாரத்தில் முடியிற வேலைக்கு, 10 டிகிரி கோடை மண்ணில் ஒரு மாசம். குளிருக்குன்னே பிறந்த பாக்டீரியாவும் உண்டு. அதோட செல் சவ்வில் இருக்கிற கொழுப்பு, தேங்காய் எண்ணெய் மாதிரி உறையாம நல்லெண்ணெய் மாதிரி இளக்கமா இருக்கும். ஆனாலும் ஸ்லோதான். 1989ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் சுமார் 4 கோடி லிட்டர் எண்ணெயைக் கொட்டிச்சு. பாக்டீரியா பெருகட்டும்னு கரையில் உரமே போட்டாங்க. 20 வருஷம் கழிச்சும் கூழாங்கல்லுக்கு அடியில் எண்ணெய் இருந்தது. தின்னக்கூடிய எண்ணெய்க்கே இந்தக் கதி!

அதனால பாதரசத்துக்கு மனுஷங்க கை வெச்சே ஆகணும். மண்ணைக் கழுவணும், சூடேத்தணும். 357 டிகிரியில் பாதரசம் கொதிக்கும். ஆவியைக் குளிர வெச்சுப் பிடிச்சிடலாம். எவ்வளவு சுத்தம்கிறதுதான் சண்டை. கோடை மண்ணுக்கு வெச்ச இலக்கு, கிலோவுக்கு 20 மில்லிகிராம். கால்குலேட்டர் எடுங்க: ஒரு டன் மண்ணில் 20 கிராம். ஒரு ஜுர தெர்மாமீட்டரில் சுமார் 1 கிராம். அதாவது டன்னுக்கு 20 தெர்மாமீட்டர் மிச்சம் இருக்கலாம்! கீழே பாம்பார் சோலை இருக்கிற இடத்துக்கு இது ரொம்பத் தாராளம்னு சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தாங்க.

'எங்கேயோ மலையில நடந்தா நமக்கென்ன?'ன்னு கேக்கலாம். கோடைத் தண்ணி தாமிரபரணிக்கு வராதுதான். ஆனா ஆறு கடலில் சேர்ற புன்னக்காயல் மாதிரி இடத்தில், அலையாத்தி வேரடியில் முட்டை அழுகின வாடை அடிக்குமே... அந்தக் காத்துப் புகாத சேறு, மெத்தில் பாதரசம் பண்ற பாக்டீரியாவுக்கு ஏத்த வீடு. எந்த வழியில் பாதரசம் வந்தாலும் அங்கே உருமாறி, சின்ன மீன், சாளை, சூரை, சுறான்னு படிப்படியா ஏறும். கடைசிப் படி நம்ம தட்டு!

உங்க லேப்பில் தெர்மாமீட்டர் உடைஞ்சா துடைப்பத்தால் பெருக்காதீங்க, சிங்க்கில் ஊத்தாதீங்க. ஜன்னலைத் திறங்க, அட்டையால் உருண்டைகளைச் சேர்த்து மூடி போட்ட பாட்டிலில் போட்டு, லேப் அசிஸ்டென்ட்கிட்ட கொடுங்க. 'இயற்கையே சரி பண்ணிக்கும்'னு யாராவது சொன்னா, கொட்டினது கார்பனா, உலோகமான்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அடுத்த வாரம் பார்ப்போம், வரட்டா!