கூட்டு வேறு, கட்டு வேறு!

ஒரு நாடு பிறிதொரு நாட்டொடு கைகோத்து நிற்றல் இழிவன்று. ஆனால், கோத்த கையே விலங்காய் இறுகுமாயின், அதனை உதறும் துணிவும் வேண்டும். இவ்வுண்மைக்குப் பிரெஞ்சு நாட்டின் வரலாறு ஒரு சான்று. அஃது ஓர் எச்சரிக்கையுங்கூட!

1949 ஏப்பிரல் 4-ஆம் நாள், வாசிங்டனில் 12 நாடுகள் வட அட்லாண்டிக்கு உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அவற்றுள் பிரெஞ்சு நாடும் ஒன்று. செருமானியரின் பிடியில் நான்காண்டுகள் கிடந்து மீண்ட அந்நாடு, சோவியத்து வல்லாண்மைக்கு அஞ்சி அமெரிக்க நிழலில் ஒதுங்கிற்று. கூட்டின் தலைமையிடமும் பாரிசு நகரிலேயே அமைந்தது. எனினும், பிரெஞ்சு மண்ணில் அமெரிக்கப் படைத்தளங்கள் வேரூன்றின. ஐரோப்பாவில் அக்கூட்டுப் படையின் உயர்தலைமையோ என்றும் அமெரிக்கர்க்கே உரியதாயிற்று.

1958-இல் ஆட்சிக்கு வந்த தெகோல், அமெரிக்காவோடும் பிரித்தானியாவோடும் ஒப்பநின்று முடிவெடுக்கும் உரிமையை அவ்வாண்டே கேட்டார்; கிடைக்கவில்லை. 1959-இல் நடுநிலக்கடற் கப்பற்படையைக் கூட்டுத் தலைமையினின்று விலக்கினார். 1960-இல் பிரெஞ்சு நாடு தன் முதல் அணுகுண்டை வெடித்தது. 1966 மார்ச்சு 7-ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் சான்சனுக்கு மடல் விடுத்தார். பிரெஞ்சுப் படைகள் இனி அயலார் தலைமையின்கீழ் நில்லா என்றும், அயற்படைகள் தம் மண்ணில் தங்கலாகா என்றும் அறிவித்தார். 1967 ஏப்பிரல் 1-ஆம் நாளே அவற்றுக்குக் கெடுவாயிற்று. கூட்டின் தலைமையிடம் பெல்சியத்திற்குப் பெயர்ந்தது.

1944-இல் நார்மண்டிக் கரையில் குருதி சிந்தி மீட்டவர்களுக்கு இதுதான் நன்றியா என்று கேட்டோர் உண்டு. நன்றி என்பது நெஞ்சின் கடன். அதற்காக மண்ணை அடகு வைத்தல் யாண்டும் வேண்டுவதில்லை. மேலும், தெகோல் உடன்படிக்கையை முறிக்கவில்லை. நட்பை வைத்துக்கொண்டு நுகத்தை மட்டுமே கழற்றினார். கூட்டுக்கும் கட்டுக்கும் உள்ள வேறுபாட்டை உலகுக்குக் காட்டிய செயல் அது.

ஆயினும், தராசின் மறுதட்டையும் நோக்குதல் நம் கடன். தன் மண்ணில் அயற்படை கூடாதென்ற அந்நாடு, அல்சீரிய மக்களின் விடுதலை வேட்கையை 1954 முதல் 1962 வரை படைகொண்டு நசுக்க முயன்றதே! அதன் முதல் அணுகுண்டு வெடித்ததும் அல்சீரியச் சகாரா மணலிலன்றோ? அயற்படைகளை வெளியேறப் பணித்த அதே 1966-இல், பசிபிக்குப் பெருங்கடலின் மொருரோவாத் தீவில் அணுவெடிப்புகளைத் தொடங்கிற்றே! தனக்கு வேண்டும் தன்னுரிமையைப் பிறர்க்கு மறுப்பவன் உரிமைக் காவலன் ஆகான். தன்னலக் காவலனே ஆவான்.

பின்னர்க் காலம் மாறிற்று. சோவியத்து ஒன்றியம் 1991-இல் கலைந்தது. போசுனியாவிலும் கொசோவோவிலும் பிரெஞ்சுப் படைகள் கூட்டோடு சேர்ந்தே இயங்கின. வீரரை அனுப்புவோம், திட்டமிடும் அவையில் மட்டும் இடமின்றி இருப்போமா என்று கேட்ட சார்க்கோசி, 2009-இல் நாட்டைக் கூட்டுப்படைத் தலைமையமைப்பிற்குள் மீண்டும் நுழைத்தார். ஆனால், அணுப்படைத் திட்டக் குழுவில் மட்டும் அந்நாடு சேரவில்லை. தன் அணுப்படையின் திறவுகோலைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. இடையே 2003-இல், ஈராக்குப் போரை அமெரிக்காவின் முகத்துக்கெதிரே மறுத்துரைக்கவும் அதனால் முடிந்தது.

எனவே, சேர்வதா, விலகுவதா என்பதன்று முதல் வினா. சேரும்போதும் விலகும்போதும் முடிவெடுப்பவர் யார் என்பதே வினா. தன் வாயிலின் திறவுகோலைத் தன் கையில் வைத்திருக்கும் நாடு எக்கூட்டிலும் அமரலாம், எழவும் செய்யலாம். அதனைப் பிறர் கையில் கொடுத்துவிட்ட நாடோ, எத்துணைப் பெரிய அரணுக்குள் இருப்பினும் சிறையிலேயே இருக்கின்றது. அதனைத் தான் வைத்துக்கொண்டு, அண்டை வீட்டின் திறவுகோலையும் பறித்துக்கொள்ளும் நாடோ, விடுதலை என்னும் சொல்லை வாயால் ஒலிக்கவும் தகுதியற்றது!