வைத்தியசாலையின் பின்கதவு

உயர்தரப் பெறுபேறு வந்து மருத்துவ பீடம் கிடைக்காமற் போனால், வைத்தியசாலையின் கதவே மூடிவிட்டதாகக் கலங்கும் மாணவிகள் நம்மிடையே பலர். அங்கே பின்புறத்திலும் ஒரு கதவு உண்டு. அது கொதிகலனும் குளிரூட்டும் இயந்திரங்களும் இயங்கும் அறையின் கதவு.

சத்திரசிகிச்சைக் கருவிகளின் கிருமிகளை அழிக்க 121 பாகை செல்சியஸ் நீராவியில் 15 நிமிடமேனும், 134 பாகையில் 3 நிமிடமேனும் வைக்க வேண்டும். பல பெரிய வைத்தியசாலைகளில் அந்த நீராவி கொதிகலனிலிருந்தே வருகிறது. குளிரூட்டும் கோபுரத்து நீரைக் கவனியாது விட்டால் லெஜியோனெல்லா பக்டீரியா பெருகி, நோயாளரின் நுரையீரலைத் தாக்கக்கூடும்.

இப்பயிற்சிக்கு உடல்வலிமையை விட அவதானமே முக்கியம். நீர்மட்டக் கண்ணாடியில் நீர் தெரியாவிட்டால் பதறிப்போய்த் தண்ணீர் விடக்கூடாது. கொதித்துக் கிடக்கும் உலோகத்தில் அது பட்டதும் சடுதியாக ஆவியாகிக் கலனே வெடிக்கலாம். முதலில் நெருப்பை நிறுத்த வேண்டும். வகுப்பில் நாம் மனனம் செய்த அமுக்கமும் மறைவெப்பமும் அங்கே உயிர்காக்கும் அறிவாகின்றன.

"இது ஆண்களின் வேலை" என்பார்கள். இரவுக் கடமை, பாதுகாப்பு, உடை பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனால் தாதியரும் இரவில் கடமை செய்கிறார்களே! அவர்களுக்கான ஏற்பாடுகளை இவர்களுக்கும் செய்யலாம். தேசிய தொழில் தகைமையில் 7 மட்டங்கள் உள்ளன. ஏழாவது, பட்டத்துக்குச் சமமானது. ஆகவே பயிற்சியோடு படிப்பும் முடிந்துவிடுவதில்லை.

நமது கல்லூரியின் அடுத்த தொழில் வழிகாட்டல் கருத்தரங்குக்கு வைத்தியரை அழைப்போம். அவருடன் ஒரு கொதிகலன் இயக்குநரையும் அழைப்போம்.