கிரென்ஃபெல் தீ விபத்து: தகவலும் பாதையும் தடைபட்டால்...

2017 ஜூன் 14. ரமளான் மாதத்தின் பின்னிரவு. மேற்கு லண்டனில் 24 மாடிகள் கொண்ட கிரென்ஃபெல் டவரின் நான்காம் மாடி வீடொன்றில், சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியில் தீப்பற்றியது. ஸஹர் உணவுக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் அண்டை வீட்டுக் கதவுகளைத் தட்டி எழுப்பியதை அன்றைய ஊடகங்கள் பாராட்டி எழுதின. ஆயினும் 72 உயிர்கள் பறிபோயின.

தீ இத்தனை வேகமாகப் பரவ முதற்காரணம், வெளிச்சுவரில் பொருத்தப்பட்டிருந்த எளிதில் எரியும் பலகைகள். அதற்கான பொறுப்பிலிருந்து யாரும் தப்ப முடியாது. அதே வேளையில், தீயணைப்புப் பணியில் நேர்ந்த பிழைகளும் நாம் கவனிக்க வேண்டியவை.

முதல் அழைப்பு நள்ளிரவு 12.54க்குப் போனது. ஐந்தே நிமிடங்களில் வண்டிகள் வந்துவிட்டன. தாமதம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. தீ ஒரு வீட்டைத் தாண்டாது என்ற நம்பிக்கையில், "வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்று குடியிருப்போருக்கு அறிவுறுத்தப்பட்டது. ஒன்றரை மணிக்குள் தீ உச்சி மாடியை எட்டிவிட்டது. 1.30க்கும் 1.50க்கும் இடையில் அனைவரையும் வெளியேறச் சொல்லியிருக்க வேண்டும் என்பது, ஓய்வுபெற்ற நீதிபதி மார்ட்டின் மூர்-பிக் 2019இல் அளித்த விசாரணை அறிக்கையின் முடிவு. ஆனால் அந்த அறிவுறுத்தல் 2.35க்குப் பிறகே கைவிடப்பட்டது.

ஏன்? உள்ளே சிக்கியவர்கள் தொலைபேசியில் சொன்னது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்தது. வெளியே தீ பரவும் விதம் களத்தில் நின்ற அதிகாரிகளுக்குத் தெரிந்தது. இவ்விரண்டும் ஒன்று சேரவில்லை. கட்டடத்துக்குள் வயர்லெஸ் சரியாக இயங்காததால், யார் எந்த மாடியில் சிக்கியிருக்கிறார் என்ற தகவல் காகிதத் துண்டுகளிலும் சுவரிலும் எழுதப்பட்டது.

அடுத்தது வண்டி. உயரமான ஏணி வண்டி முதல் அணியில் அனுப்பப்படவில்லை. இந்த விபத்துக்குப் பிறகே, உயர்ந்த கட்டடங்களில் தீ என்றால் அதையும் உடனே அனுப்பும் முறை லண்டனில் வந்தது. ஏணி வண்டி வந்தால் மட்டும் போதாது. பக்கவாட்டுக் கால்களை விரித்து ஊன்ற அகலமான, உறுதியான தரை வேண்டும். நிறுத்திய பிறகு எளிதில் இடம் மாற்றவும் முடியாது. அந்த இடத்தில் ஒரு கார் நின்றாலும் ஏணி பயனற்றுப் போகும்.

இப்போது நம் மஹல்லாக்களைப் பார்ப்போம். ஜும்ஆ நேரத்திலும் தராவீஹ் இரவுகளிலும் பள்ளிவாசல் தெருவில் ஓர் ஆம்புலன்ஸ் நுழைய முடிகிறதா? திருமணப் பந்தல் தெருவை அடைக்கும்போது யாராவது கேட்கிறோமா? பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளை என்று கற்றுத் தந்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். இடையூறாக நாமே வண்டியை நிறுத்தலாமா?

பள்ளிவாசல் நிர்வாகங்கள் தெருவில் ஒரு வண்டிப் பாதையை எப்போதும் காலியாக வைத்திருக்க ஏற்பாடு செய்யலாம். 101 அல்லது 112ஐ அழைத்தால் எந்த மாடி, உள்ளே எத்தனை பேர், நடக்க முடியாதவர் உண்டா, பெரிய வண்டி எந்தத் தெரு வழியாக வரலாம் என்பதைச் சொல்ல நம் பிள்ளைகளுக்கும் பழக்குவோம். ஒருவர் தெருமுனையில் நின்று வழிகாட்டட்டும்.

ஓர் உயிரைக் காப்பது மனித குலத்தையே காப்பதற்கு ஒப்பானது என்று நம்புகிறவர்கள் நாம். அதற்கான ஏற்பாட்டைத் தீப்பிடிக்கும் முன்பே செய்வோம். அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக!