புல்லட் மூச்சு விடட்டும்!

சத்தியமங்கலத்தில் பழைய புல்லட் வைத்திருப்பவர் வீட்டைக் கண்டுபிடிக்கக் கதவு எண் தேவையில்லை. வாசலில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை இருந்தால் அதுதான் வீடு. வீட்டம்மா விடியற்காலையில் எழுந்து சாணி தெளித்துப் பதினைந்து புள்ளி வைத்துக் கோலம் போட்டால், வண்டி தன் பங்குக்குப் பதினாறாவது புள்ளியை வைத்துவிடும்.

இதைப் புல்லட்காரர்களிடம் குறையாகச் சொல்லிவிட முடியாது. “ஒழுகினாத்தானுங்க உள்ள ஆயில் இருக்குதுன்னு அர்த்தம். ஒழுகலைன்னாத்தான் பயப்படோணும்” என்பார்கள். ஏதோ கொங்கு நாட்டுத் தத்துவம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் டிரையம்ப்பும் நார்ட்டனும் வைத்திருந்தவர்கள் அந்தக் காலத்திலேயே இதே வசனத்தைச் சொல்லித்தான் மனைவிமார்களைச் சமாளித்தார்கள்.

நான் படித்தது பி.காம். ஸ்பேனரைவிடப் பேனா பழக்கம். அதனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்வோம். ‘ஒரு சொட்டுதானே?’ என்று தோன்றும். ஒரு நாளைக்கு 1,440 சொட்டு. முப்பது நாளில் 43,200. இருபது முப்பது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி ஆகும். ஆக, மாசம் ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர்! பழைய 350 சிசி புல்லட்டின் எண்ணெய்த் தொட்டி கொள்வதே இரண்டு லிட்டர் சொச்சம்தான். அதாவது மாசா மாசம் ஒரு தொட்டி எண்ணெயை வாசல் மண்ணுக்கு மொய் எழுதுகிறோம். எந்த ஆடிட்டரும் இதை ‘தேய்மானம்’ என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

பணம் போனால் போகட்டும். சத்தியிலிருந்து பண்ணாரி தாண்டித் திம்பம் மலைப்பாதையில் ஏறியிருக்கிறீர்களா? மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். அந்தக் காலத்துப் புல்லட்டில் செயின் கேஸும், பின் சக்கரச் செயினும், பின் பிரேக் டிரம்மும் எல்லாமே இடது பக்கம். அந்தப் பக்கம் கசிகிற எண்ணெய் காற்றில் பின்னால் பறந்து போய் உட்காருகிற இடம் பின் டயர். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் பிரேக் கட்டை. இறக்கத்தில், இடது வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது, எதிரே கரும்பு லாரி வரும்போது, டயர் எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தால் என்ன ஆகும்? தத்துவமெல்லாம் வாசலோடு சரி. மலையில் எடுபடாது.

* * *

சரி, இந்த வண்டி மட்டும் ஏன் இப்படி?

குற்றவாளியைத் தேட வேண்டுமானால் இங்கிலாந்தின் ரெட்டிச் என்கிற ஊருக்குப் போக வேண்டும். ராயல் என்ஃபீல்டு பிறந்த ஊர். ‘துப்பாக்கி மாதிரித் தயாரானது’ என்பது அவர்கள் விளம்பர வாசகம். (துப்பாக்கி ஒழுகுமா என்று கேட்காதீர்கள்.) 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. பின்னாளில் இங்கிலாந்துத் தொழிற்சாலைகள் எல்லாம் மூடப்பட்டு, கம்பெனியே அங்கே இல்லாமல் போனது. நம் ஊரிலோ அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் 2010 வாக்கு வரைக்கும் ஓடியது. பெற்ற தாய் போன பிறகும் தாய்மாமன் வீட்டில் வளர்ந்த பிள்ளை மாதிரி!

அந்தக் காலத்து எஞ்சினின் அடிப்பெட்டியை, அதாவது கிராங்க் கேஸை, செங்குத்தாக இரண்டு பாதியாக வார்த்துச் சேர்ப்பார்கள். கொப்பரைத் தேங்காயை மேலிருந்து கீழாகப் பிளந்து, மறுபடி ஒட்டி, உள்ளே எண்ணெய் ஊற்றினால் எப்படி இருக்கும்? ஒட்டு அடி வரைக்கும் போகும். எண்ணெய் எப்போதும் ஒட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். 1969-இல் ஹோண்டா கம்பெனி சிபி 750 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் பெட்டியைக் குறுக்குவாட்டில் பிரித்தார்கள். சட்டியும் மூடியும் மாதிரி. சட்டியில் எண்ணெய், ஒட்டு மேலே. ஒழுகாத பெரிய வண்டியும் உலகத்தில் உண்டு என்று ஜனங்களுக்குத் தெரிந்துபோனது. இங்கிலாந்துக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் படுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. புல்லட்டின் சிலிண்டர் இரும்பு, கிராங்க் கேஸ் அலுமினியம். சூடானால் அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் இரண்டும் ஒன்றை ஒன்று உரசிக்கொள்ளும். நடுவில் மாட்டிய காகித காஸ்கெட்டின் கதி, மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிய ஆண்மகனின் கதி.

இந்தக் குறையெல்லாம் பிறவிக் குறை, சரி. ஆனால் அதே வருஷத்து வண்டி இரண்டில் ஒன்று ஒழுகுகிறது, இன்னொன்று சும்மா இருக்கிறதே, அது எப்படி? விடை சத்தி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பட்டறையில் கிடைத்தது.

* * *

அன்றைக்கு அங்கே ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தன் புல்லட்டோடு வந்திருந்தார். எழுபதுகளின் வண்டி. வண்டி மேல் வைத்திருக்கும் பாசத்தில் பாதியை எங்கள் மேல் வைத்திருந்தால் கணக்கில் பாஸாகியிருப்போம் என்று அவருடைய பழைய மாணவர்கள் சொல்வார்கள்.

“மூணு தடவை காஸ்கெட் செட்டு மாத்தியாச்சு அப்புனு. ஒழுகற எடந்தான் மாறுது, ஒழுகல் நிக்கல. பேசாம வித்துப்போடலாம்னு பசங்க சொல்றாங்க” என்றார். குரல் கம்மியது.

மெக்கானிக் அண்ணன் அவசரப்படவில்லை. “ஏனுங்க வாத்தியாரய்யா, காய்ச்சல் வந்தா துணிய நனைச்சுப் போட்டுட்டு விட்டுருவீங்களா? உள்ள என்னன்னு பாக்க வேண்டாமுங்களா?” என்று கேட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

முதலில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பிரஷ் போட்டு எஞ்சினைக் கழுவினார். நன்றாகத் துடைத்துக் காயவிட்டார். அடுத்து அவர் எடுத்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தைக்குப் போடுகிற முகப்பவுடர்! எஞ்சின் பூராவும் தூவினார். புல்லட் கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் கிக்கரை உதைத்து, தெரு முனை வரைக்கும் ஓட்டிவிட்டு வந்தார். வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று டார்ச் அடித்துக் காட்டினார். எண்ணெய் சொட்டுவது அடியில். புறப்படுவது முக்கால் அடி மேலே, டேப்பெட் மூடிப் பக்கம். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னாலும் கீழேயும் கொண்டுபோகும். சொட்டுகிற இடத்தைப் பார்த்து வைத்தியம் செய்தால் பணம்தான் போகும்.

ஒரு கோடு அல்ல, நாலு கோடு. நாலு இடத்திலும் ஒரே நாளில் காஸ்கெட் கெட்டுப்போகுமா?

“காஸ்கெட் கெடலீங்க. வண்டிக்கு மூச்சு முட்டுது” என்றார் அண்ணன்.

* * *

கதை இதுதான். புல்லட் பிஸ்டனின் குறுக்களவு 70 மி.மீ., ஏறி இறங்குகிற தூரம் 90 மி.மீ. கணக்குப் போட்டால் 346 சிசி வரும். பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம், அதன் அடியில் கிராங்க் கேஸில் இருக்கிற காற்றில் அதே 346 சிசி அளவுக்கு, ஒரு பெரிய டம்ளர் அளவுக்கு, இடத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. நிமிஷத்துக்கு 2,400 சுற்று என்றால் விநாடிக்கு நாற்பது தடவை. அந்தக் காற்று எங்கே போகும்? அதற்குத்தான் பிரீதர் என்று ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். வண்டியின் வருஷத்தைப் பொறுத்து அது இருக்கிற இடம் மாறும், வேலை ஒன்றுதான். அதில் வாத்து அலகு மாதிரி ஒரு சின்ன ரப்பர் வால்வு இருக்கும். காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. வெளியே போன காற்று திரும்பி வராததால் உள்ளே அழுத்தம் குறைந்தே இருக்கும். அப்போது இடுக்குகளில் நிற்கிற எண்ணெயைக்கூட எஞ்சின் உள்பக்கமாக இழுத்துக்கொள்ளும்.

வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து ரப்பர் விறைத்துப் போகும். அல்லது குழாயில் சேறும் கசடும் அடைக்கும். அவ்வளவுதான், விநாடிக்கு நாற்பது தடவை அமுக்குகிற காற்று கிடைத்த சந்தில் எல்லாம் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஒரு காஸ்கெட்டை மாற்றினால் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். வாத்தியார் வண்டியில் மூன்று தடவை நடந்தது அதுதான்.

அண்ணன் குழாயைக் கழற்றிக் கழுவி வாயில் வைத்துப் பார்த்தார். ஊதினால் போக வேண்டும், உறிஞ்சினால் வரக்கூடாது. இது ஊதினாலும் போகவில்லை. வால்வைக் கையில் எடுத்தால் அப்பளமாக உடைந்தது. புது ரப்பரின் விலை, இரண்டு பேர் பரோட்டா சாப்பிடுகிற செலவு.

(பிரீதர் நன்றாக இருந்தும் ஒழுகினால்? பிஸ்டன் ரிங்கு தேய்ந்து, மேலே எரிகிற புகை கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அப்போது கோயமுத்தூர் லேத்துக்குச் சிலிண்டரைக் கொண்டுபோய் போர் போட வேண்டியதுதான். அது பர்சுக்கும் போர்.)

* * *

மூச்சு சரியான பிறகுதான் அண்ணன் மற்ற வேலைகளில் கை வைத்தார். பார்க்கப் பார்க்க அலுக்காத வேலை.

டேப்பெட் மூடியின் ஓரம் வளைந்திருந்தது. கண்ணாடிப் பலகை மேல் எமரி பேப்பரை ஒட்டி, மூடியைக் கவிழ்த்து எட்டு எட்டாகத் தேய்த்தார். லைசென்ஸுக்கு எட்டுப் போடத் திணறியவர்கள் இதில் பழகிக்கொள்ளலாம். பேப்பர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தொட்டதற்கு அடையாளமாக மூடி ஓரம் முழுக்கப் பளபளத்ததும் நிறுத்தினார். காஸ்கெட்டும் கடையில் வாங்கவில்லை. காஸ்கெட் அட்டையை மூடி மேல் வைத்து, உருண்டை மூக்குச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றி மெல்லத் தட்டினார். அட்டை தானாக வெட்டுப்பட்டு அச்சு அசலாக வந்தது.

தலைக்கு எண்ணெய் போகிற குழாயின் செம்பு வாஷர்களைத் தூக்கிப் போடவில்லை. நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். இரும்பானால் இறுகும், செம்பு இளகும். இளகிய வாஷர் மறுபடி பள்ளத்தில் பதிந்துகொள்ளும். செலவு சைபர்.

சிலிக்கான் பசையை நகக்கண் அளவுதான் தொட்டார். தாராளமாகப் பிதுக்கினால் வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது தெரியாது. அது பிய்ந்து எண்ணெய் போகிற துவாரத்தை அடைத்தால் எஞ்சினே போச்சு.

ஸ்பேனரிலும் முரட்டுத்தனம் இல்லை. செயின் கேஸ் மூடிக்கு நடுவில் ஒரே ஒரு நட்டுதான். ஒழுகுகிறதே என்ற கோபத்தில் அதை முறுக்கினால் மூடி வளையும், ஓரத்து ரப்பர் பிடிப்பை விடும், இன்னும் ஒழுகும். “ஒழுகற வண்டிய முறுக்கறதும் அழுகற கொழந்தைய அடிக்கறதும் ஒண்ணுங்க” என்றார்.

கடைசியாக, வாத்தியார் எண்ணெய் அளவுக் கோலை எடுத்துப் பார்த்துவிட்டு டப்பாவைத் திறக்கப் போனார். அண்ணன் கையைப் பிடித்தார். “இருங்க இருங்க! நாலு நாளா நின்ன வண்டில அளவு பாக்காதீங்க.” இந்த எஞ்சினில் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும்; பம்ப் கொண்டுபோய்க் கொண்டுவரும். நாள்கணக்கில் நின்றால் எண்ணெய் பம்ப் வழியாக மெல்ல இறங்கிக் கிராங்க் கேஸில் ஒளிந்துகொள்ளும். கோலில் குறைவாகத்தான் தெரியும். அதை நம்பி மேலே ஊற்றினால், வண்டி ஓடியதும் ஒளிந்ததும் ஊற்றியதும் சேர்ந்து பொங்கும். ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, சற்று நேரம் கழித்துப் பார்ப்பதுதான் முறை.

கழுவிய மண்ணெண்ணெயையும் பழைய எண்ணெயையும் சாக்கடையில் கவிழ்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு டிரம்மில் சேர்த்து, வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கிறார். சத்தியில் சாக்கடைக்குப் போவது எல்லாம் கடைசியில் பவானிக்குத்தான் போகும். நாம் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

மறுநாள் வாத்தியார் திம்பம் வரைக்கும் போய்விட்டு வந்து வண்டியைப் பழைய பேப்பர் மேல் நிறுத்தினார். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி. பேப்பரில் ஒன்றுமில்லை. எஞ்சின் ஓரத்தில் மட்டும் லேசாக ஈரம்.

“இது என்ன அப்புனு?”

“அது வேர்வைங்க வாத்தியாரய்யா. அம்பது வயசு இரும்பு மலை ஏறிட்டு வந்திருக்குது. வேர்க்கலாம். ஒழுகத்தான் கூடாது.”

வண்டியை விற்கிற பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.